மீனும் உப்பும் ஐஸ் தண்ணீரும்

கையுறை போட்டுக்கொண்டு உருட்டினால் கையால் செய்தது மாதிரித் தெரியாதாம். கெல்வின் சொன்னான். ஒன்பது வருஷமாக மீன் உருண்டை பிடிக்கிற எனக்கு, மீனில் முள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்றே தெரியாத ஒருவன் வகுப்பெடுத்தான். நான் கையுறையைக் கழற்றிக் குப்பைக்குள் எறிந்தேன். அவன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான்.

என் பெயர் பேர்ணடெற். சொந்த ஊர் மன்னாரில் பேசாலை. ஸ்காபுரோவுக்கு வந்து இருபத்தொரு வருஷம். இங்கே ஒரு சீனப் பிளாசாவுக்குள், சாப்பாட்டுக் கடைகள் வரிசையாக இருக்கிற மண்டபத்தில், கடைசிக்கு முதல் கடை மிஸ்ஸிஸ் சோங்கினுடையது. அவர் மலேசியாவில் ஈப்போவில் பிறந்தவர். அங்கே தெருவோரக் கடைகளில் விற்பதைத்தான் இங்கேயும் விற்கிறார். மீன் உருண்டை போட்ட சூப், மீன் விழுது அடைத்த தோபு என்கிற சோயாக் கட்டி, அதே விழுதை வயிற்றுக்குள் வைத்துப் பொரித்த வெண்டிக்காய், பாவற்காய், கறிமிளகாய். முன்னால் நின்று விற்பது அவர். பின்னால் குசினியில் மீனோடு மல்லுக்கட்டுவது நான்.

அந்த வேலைக்கு முள்ளுவாளை மீன் நல்லது. ஊரில் அதை யாரும் ஆசைப்பட்டு வாங்க மாட்டார்கள். உடம்பு முழுக்க மயிர் முள். ஆனால் முள் சாய்ந்திருக்கிற பக்கமாகவே கரண்டியால் சுரண்டினால் சதை மட்டும் வரும், முள் தோலோடு நின்றுவிடும். சதையைக் கொத்தி, உப்புக் கரைத்த ஐஸ் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, ஒரே பக்கமாகக் கிண்ட வேண்டும். பிறகு விழுதை அள்ளி அள்ளிச் சட்டிக்குள் ஓங்கி அறைய வேண்டும். அறைந்தால்தான் இழுவை வரும். எனக்குக் கோபம் வருகிற நாளில் உருண்டை நன்றாகத் துள்ளுகிறது என்று சொல்லி மிஸ்ஸிஸ் சோங் சிரிப்பார். அப்படிப் பார்த்தால் எங்கள் கடை உருண்டை ஒரு நாளும் துள்ளாமல் விட்டதில்லை.

மாப் போட்டால் இவ்வளவு அறைச்சல் தேவையில்லை. மிஸ்ஸிஸ் சோங் உருண்டையில் மா சேர்க்க விடமாட்டார். மீன், உப்பு, ஐஸ் தண்ணீர். அடைத்த தோபுவுக்குள்ளும் அதே விழுதுதான். தோபுவை முக்கோணமாக வெட்டி, நடுவில் கீறி, உடையாமல் அடைத்து, அடைத்த பக்கம் கீழே இருக்கப் பொரிக்க வேண்டும். அவசரக்காரிக்கு அது சரிவராது. நான் அவசரக்காரிதான்; தோபுவுக்கு மட்டும் அடங்குவேன்.

பங்குனி மாதத்தில் யாரோ ஒருவர் நான் உருண்டை பிடிப்பதைப் படமெடுத்து இணையத்தில் போட்டார். விழுதை அள்ளிக் கையை மூடி அழுத்தினால் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் உருண்டை எட்டிப் பார்க்கும். கரண்டியால் வழித்துத் தண்ணீரில் விட வேண்டும். நாற்பது செக்கனுக்கு இதே வேலை. என் மகள் ஜெசிகா போனைக் கொண்டுவந்து காட்டினாள். "அம்மா, யூ ஆர் வைரல்!" என்று துள்ளினாள். பார்த்தேன். முகம் இல்லை, கை மட்டும். அடுத்த சனிக்கிழமை வரிசை எங்கள் கடையில் தொடங்கி, குமிழ்த் தேநீர் விற்கிற கடையையும் தாண்டி வாசல் வரைக்கும் நின்றது.

அந்த நேரம் பார்த்து மிஸ்ஸிஸ் சோங்கின் தமக்கை ஈப்போவில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். மிஸ்ஸிஸ் சோங் மூன்று கிழமைக்கு அங்கே பறந்தார். கடையைப் பார்க்கச் சொல்லிக் கணவரின் தமையன் மகனை விட்டுவிட்டுப் போனார். அவன்தான் கெல்வின்.

கெல்வின் வந்த இரண்டாம் நாள் பின்கதவால் பெட்டி பெட்டியாக உறைந்த மீன் உருண்டை இறங்கியது. அடைத்த தோபுவும் இறங்கியது, அச்சில் வார்த்த மாதிரி எல்லாம் ஒரே அளவு. குளிர்ப்பெட்டிக்குள் இடம் காணாமல், காலிப் பெட்டிகளையும் நிரம்பிய பெட்டிகளையும் குசினியிலிருந்து கவுண்டருக்குப் போகிற கதவுக்குக் குறுக்கே அடுக்கினான். இனி முன்பக்கம் போக வேண்டுமென்றால் நான் பின்கதவால் இறங்கி, கழிப்பறை நடையால் மண்டபத்தைச் சுற்றி வர வேண்டும்.

"இது என்ன?" என்று என் இங்கிலிஷில் கேட்டேன்.

"பேர்ணி, உங்களால் ஒரு நாளைக்கு எத்தனை பேருக்குச் செய்ய முடியும்? வரிசையைப் பாருங்கள். ஐம்பதாவது ஆளிடம் நான் என்ன சொல்ல?"

"முடிந்துவிட்டது என்று சொல்."

"யாராவது அப்படிச் சொல்வார்களா?"

"அப்படியென்றால் மேலே இருக்கிற போர்டைக் கழற்று. 'கையால் செய்தது' என்று எழுதியிருக்கிறது."

அவன் சிரித்தான். "அதற்குத்தானே நீங்கள் இருக்கிறீர்கள்."

அடுத்த நாள் என் மேசையைக் குசினியின் பின்பக்கத்திலிருந்து இழுத்து, வரிசைக்கு முகம் பார்த்த குசினிக் கண்ணாடிக்குப் பின்னால் போட்டான். ஒரு சட்டி விழுது. பதினொரு மணிக்கு உருட்டத் தொடங்க வேண்டும். தண்ணீர்ப் பாத்திரம் நிரம்பினால் பின்னால் கொண்டுபோய், உருண்டைகளை வடித்து, திரும்பப் பிசைந்து சட்டிக்குள் போட வேண்டும். திரும்ப வந்து உருட்ட வேண்டும். சனம் நின்று படமெடுக்கும். பக்கத்துக் கவுண்டரில் கெல்வின் பையைக் கத்தரித்து, கொதிக்கிற தண்ணீருக்குள் கொட்டி, கிண்ணத்தில் போட்டு விற்பான். பின்னேரம் என் விழுது உயிர் போய்ச் சளசளத்துக் கிடக்கும். அதைக் குப்பைக்குள் கொட்டுவான். மீனைக் கொட்டுகிறவனை எங்கள் ஊர்க் கரையில் நிற்கவே விடமாட்டார்கள். இங்கே அவன் மனேஜர்.

அதோடு விட்டானா? கண்ணாடியில் என் முகத்துக்கு நேரே ஒரு நீளமான சிவப்புத் தாளை ஒட்டினான். 'பாட்டியின் கைப்பக்குவம்' என்று சீனத்திலும் இங்கிலிஷிலும். எந்தப் பாட்டி? எனக்கு ஐம்பத்திமூன்று வயது. பேரப்பிள்ளையே இல்லை. என் முகம் அந்தச் சீனப் பாட்டிக்குப் பொருந்தாது என்று அவன் வாயால் சொல்லவில்லை. தாளை ஒட்டிச் சொன்னான். வெளியே நிற்பவர்களுக்கு என் கழுத்துக்குக் கீழேதான் தெரியும். தாளுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்க்கிற சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் முழுசாகத் தெரிவேன்.

அன்றைக்கே பையின் பின்பக்கத்து நுணுக்கெழுத்தை மூக்குக்கண்ணாடி போட்டு வாசித்தேன். மீன், மா, சீனி, முட்டை வெள்ளை, வாயில் நுழையாத மூன்று பெயர், கடைசியில் இறால். தோபுப் பையிலும் இறால். கெல்வினிடம் போனேன்.

"இதில் இறால் இருக்கிறது. சிலருக்கு ஆகாது. எழுதி ஒட்டு."

"கேட்டால் சொல்லலாம்."

"கேட்காவிட்டால்?"

"கேட்காதவர்களுக்குப் பிரச்சினை இல்லை என்றுதானே அர்த்தம்?"

இப்படி ஒரு மூளையைப் படைத்தவனைத்தான் முதலில் கேள்வி கேட்க வேண்டும். ஈப்போவுக்குப் போன் எடுத்தேன். மிஸ்ஸிஸ் சோங் ஆஸ்பத்திரி வாசலில் நின்று கதைத்தார். தமக்கைக்குக் காய்ச்சல் விடவில்லையாம். "பேர்ணடெற், சண்டை பிடிக்காதே. நான் வரும்வரை பொறு. வந்து நான் பேசுகிறேன்." அந்தக் குரலைக் கேட்ட பிறகு இறால் கதையை எடுக்க எனக்கு வாய் வரவில்லை. சரி என்று வைத்துவிட்டேன். பொறுத்தேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை.

பையை வாசித்தபோது எனக்கு முதலில் நினைவு வந்தது நதீஷாதான். ஒஷாவாவில் இருக்கிற பிள்ளை, மட்டக்களப்புப் பக்கத்து ஆள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஸ்காபுரோவுக்குச் சாமான் வாங்க வந்தால், மகள் கோபிகாவையும் கூட்டிக்கொண்டு எங்கள் கடைக்கு வராமல் போகமாட்டாள். கோபிகாவுக்கு ஆறு வயது. மூன்று வயதில் ஒரு பிறந்தநாள் வீட்டில் இறால் வைத்த றோல்ஸில் ஒரு கடி கடித்து, உதடு வீங்கி, மூச்சு அடைத்து, அம்புலன்சில் போய்த் தப்பி வந்த பிள்ளை. தாயின் கைப்பைக்குள் எந்த நேரமும் ஊசி இருக்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன் முதல் நாள் வந்தபோது, நான் குசினிக்குள் போனில் தமிழ் கதைத்தது கேட்டு எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, நீங்க தமிழா? உண்மையச் சொல்லுங்க, இதுக்குள்ள இறால் கிறால் ஏதும் சேருமா? பிள்ளைக்கு உயிர் விசயம்."

"மடு மாதாவாணை இல்லைப் பிள்ளை. மீனும் உப்பும் ஐஸ் தண்ணியும். என்ர கையால செய்யிறன். இந்தக் கடைக்குள்ள இறால் வாறதே இல்லை."

அதற்குப் பிறகு அவள் ஒரு நாளும் கவுண்டரில் கேட்டதில்லை. எங்கள் சனத்தின் பழக்கம் அது. மற்றக் கடைகளில் பத்துக் கேள்வி கேட்பவர்கள், எங்கட ஆள் ஒருத்தி உள்ளே நிற்கிறாள் என்று கண்டால் வாயைத் திறக்கமாட்டார்கள். திறந்தால் அவளை நம்பாத மாதிரி ஆகிவிடுமாம். நதீஷா வந்தவுடன் என்னைத் தேடிக் கையைக் காட்டுவாள். நான் திருப்பிக் காட்டுவேன். அவள் போய் வாங்குவாள். கோபிகாவுக்கு அடைத்த தோபு என்றால் போதும், வேறு ஒன்றும் வேண்டாம்.

அவளுடைய போன் நம்பர் என்னிடம் இல்லை. கேட்டு வைத்திருக்கலாம். மாதத்தில் ஒரு நாள்தானே, வரும்போது சொல்லுவோம் என்று இருந்தேன்.

கெல்வின் வந்து பதினோராம் நாள் சனிக்கிழமை. மண்டபம் முழுக்கச் சனம். பின்னால் எண்ணெய்ச் சட்டி இரைகிறது, முன்னால் நூறு பேரின் கதை. நான் அன்றைக்கு நான்காவது தடவையாக அதே விழுதை உருட்டிக்கொண்டிருந்தேன். சிவப்புத் தாளுக்குக் கீழே ஒரு சின்ன முகம் அண்ணாந்து பார்த்தது. முன்பல் இரண்டும் விழுந்திருந்தது. கோபிகா. இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள்.

குனிந்து பார்த்தேன். நதீஷா ஏற்கெனவே வாங்கிவிட்டாள். தட்டில் இரண்டு கிண்ணம்.

வேண்டாம், வேண்டாம் என்று இரண்டு கையையும் குறுக்கே ஆட்டினேன். நதீஷா திரும்பினாள். அவளுக்குத் தெரிந்தது தாளுக்குக் கீழே ஆடுகிற இரண்டு கை. தட்டை ஒரு கையில் தாங்கி, மற்றக் கையை எனக்கு ஆட்டினாள். சிரித்தாள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மேசை தேடிப் போனாள்.

"நதீஷா! குடுக்காதை! பிள்ளைக்குக் குடுக்காதை!"

என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. கண்ணாடியில் விழுதுக் கையோடு அறைந்தேன். வரிசையில் நின்றவர்கள் அதையும் வித்தை என்று நினைத்துப் போனைத் தூக்கினார்கள். ஒருவன் கை தட்டினான். கெல்வின் என்னைப் பார்த்து, உருட்டு உருட்டு என்று விரலைச் சுழற்றினான்.

கவுண்டர்க் கதவுக்கு ஓடினேன், பெட்டிகள். பின்கதவால் இறங்கி, கழிப்பறை நடையில் நின்ற ஆட்களை இடித்துக்கொண்டு ஓடினேன். அந்த ஓட்டத்தில் நான் சொன்ன செபத்தையும் கெட்ட வார்த்தையையும் பிரித்துச் சொல்ல எனக்கே தெரியாது. மண்டபத்தின் மற்றப் பக்கத்தில், தூணுக்குக் கிட்ட இருந்த மேசையில் அவர்களைக் கண்டேன். கோபிகா முள்ளுக்கரண்டியில் தோபுவைக் குத்தி, உதட்டுக்குக் கிட்டப் பிடித்து ஊதிக்கொண்டிருந்தாள்.

கையில் அடித்தேன். கரண்டி பறந்தது. கிண்ணம் கவிழ்ந்து சூப் மேசை முழுக்க ஓடியது. பிள்ளை வீரிட்டு அழுதாள்.

நதீஷா கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினாள். "உங்களுக்கென்ன பைத்தியமா? என்ட பிள்ளைக்கு ஏன் அடிக்கிறீங்க?"

"வாய்க்குள்ள வைச்சவளோ? சொல்லு பிள்ளை, ஒரு கடி எண்டாலும் கடிச்சவளோ?"

"இல்ல... சுடுதெண்டு ஊதிக்கொண்டிருந்தவ. என்ன அக்கா? என்ன நடந்த?"

"இறால். உதுக்குள்ள இறால் கிடக்கு."

அவள் முகத்தில் இருந்த கோபம் அப்படியே வடிந்தது. பிள்ளையின் வாயைத் திறந்து பார்த்தாள். உதட்டைத் துடைத்தாள், கையைத் துடைத்தாள், கைப்பையைக் கவிழ்த்து ஊசியை எடுத்து மேசையில் வைத்தாள். அதற்குப் பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

"மடு மாதாவாணை எண்டு நீங்கதானே சொன்னீங்க?"

"அப்ப சொன்னது சத்தியம். இது நான் செய்ததில்லைப் பிள்ளை. பெட்டியில வாறது."

"நீங்க உருட்டினத இப்பதானே என்ட கண்ணால பார்த்தன்?"

"அது சும்மா படம் காட்டுறது. உருட்டுவன், திரும்பக் கலைப்பன், உருட்டுவன். விக்கிறது வேறை."

அதற்குள் கெல்வின் துண்டோடு ஓடி வந்தான். அவனுக்கு எங்கள் கதை ஒன்றும் விளங்கவில்லை. நதீஷாவிடம் மன்னிப்புக் கேட்டான். அவருக்கு இன்றைக்கு உடம்பு சரியில்லை என்று என்னைக் காட்டிச் சொன்னான். உடனே புதிதாக ஒரு கிண்ணம் கொண்டுவருகிறேன், காசு வேண்டாம், பிள்ளைக்கு இன்னும் இரண்டு தோபு கூடப் போட்டுத் தருகிறேன் என்றான்.

இன்னும் இரண்டு தோபு என்றதும் எனக்குத் தலைக்கு மேலே ஏறியது. இங்கிலிஷ் எங்கே போனதோ தெரியாது. தமிழில் கிழித்தேன்.

"எடேய் மூதேவி, கொல்லப் பாத்தியேடா பிள்ளையை! எட்டு நாளைக்கு முதல் உனக்குப் படிச்சுப் படிச்சுச் சொன்னனான், இறால் கிடக்கு, எழுதி ஒட்டடா எண்டு. கேட்டா சொல்லலாம் எண்டு சொன்னனீ என்ன? உன்ர வாயில மண் விழ! எட்டு நாளா உன்ர கண்ணாடிப் பெட்டிக்குள்ள நிண்டு கூத்தாடினன், இண்டைக்கு ஒரு பிள்ளையின்ர உயிர் போகப் பாத்துது!"

கெல்வினுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. பேச்சு விழுவது மட்டும் நன்றாக விளங்கியது; துண்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஒரு அடி பின்னால் வைத்தான். ஆனால் நதீஷாவுக்கு முழுக்க விளங்கியது.

"எட்டு நாளா?" என்றாள்.

நான் மேசையில் ஓடிய சூப்பைக் கையால் வழித்தேன்.

"அக்கா, உங்களுக்கு எட்டு நாளாத் தெரியுமா?"

"ஓம்."

"தெரிஞ்சுகொண்டுதான் அதுக்குள்ள நிண்டு உருட்டினீங்களா?"

"முதலாளி பொறுக்கச் சொன்னவ... நீ வந்தால் சொல்லுவம் எண்டுதான்..."

"நான் வந்தா எனக்குச் சொல்லுவீங்க. மத்தப் பிள்ளைகளுக்கு?"

அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். திருப்பிச் சத்தம் போட எனக்குத் தெரியும். ஊசியையும் மற்றச் சாமான்களையும் ஒவ்வொன்றாகக் கைப்பைக்குள் எடுத்து வைத்தாள். பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

"அவன் பெட்டியில என்ன எழுதியிருந்தா எனக்கென்ன? அவன நம்பி நான் வாங்கல்ல, அக்கா. உங்கட கையப் பார்த்துத்தான் வாங்கினன்."

போனாள். கோபிகா தாயின் தோளுக்கு மேலால் என்னைப் பார்த்துக்கொண்டே போனாள். கை காட்டவில்லை.

கெல்வின் என்னை வீட்டுக்குப் போகச் சொன்னான். நாளைக்கும் வர வேண்டாம் என்றான். வந்த வழியாலேயே குசினிக்குப் போனேன். குப்பைக்குள்ளிருந்து ஒரு வெறும் பையை இழுத்து, தண்ணீரில் அலசி எடுத்தேன். என் மேசையிலிருந்து எட்டிச் சிவப்புத் தாளைப் பிடித்து இழுக்கப் பார்த்தேன். அது வெளிப்பக்கம் ஒட்டியிருந்தது. அதனால் திரும்பவும் சுற்றி முன்னால் வந்தேன். வரிசை குறையவில்லை. எல்லாரும் பார்க்கக் கண்ணாடியிலிருந்து தாளை உரித்து, கசக்கிக் கீழே போட்டேன்.

கெல்வின் கவுண்டருக்குள் நின்று ஏதோ கத்தினான். நடப்பதைப் பார்க்க நெருங்கி வந்த வரிசை, அவன் வெளியே வருகிற வழியை அடைத்து நின்றது.

வரிசையில் முன்னுக்கு நின்ற ஆள் என்னை அடையாளம் கண்டுகொண்டார். முகத்தை வைத்தா? இல்லை. விழுது காய்ந்து ஒட்டிப்போயிருந்த கையை வைத்து. சந்தோஷத்தோடு போனைத் தூக்கி, உருட்டிக் காட்டச் சொல்லி என் கைக்கு நேரே பிடித்தார்.

"கையை இல்லை," என்றேன். "முகத்தை எடு."

பையை என் முகத்துக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்து, மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி, அந்த நுணுக்கெழுத்தைக் கடைசியிலிருந்து வாசிக்கத் தொடங்கினேன். முதற்சொல் இறால்.